போரிங் மழைக்காட்டு விடுதி: முதலில் காடு, பிறகு வெந்நீர்

போர்னியோ தீவின் வடமுனையில் இருக்கிறது மலேசியாவின் சபா மாநிலம். அங்கே 4,095 மீட்டர் உயர்ந்து நிற்கும் கினாபாலு மலையின் தென்கிழக்கு அடிவாரத்தில், ரானாவ் ஊரிலிருந்து சுமார் 19 கிலோமீட்டர் உள்ளே போனால் போரிங் வரும். கினாபாலு பூங்கா 1964இல் அமைக்கப்பட்டது. 2000இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களங்களில் சேர்ந்தது. போரிங் அந்தப் பூங்காவின் தாழ்நிலப் பகுதி. கந்தக வெந்நீர் ஊற்றுகள், அவற்றைச் சுற்றி ஓங்கிய மழைக்காடு, காட்டோரமாகத் தங்கும் குடில்கள். இரண்டாம் உலகப் போரில் இந்தப் பகுதியைப் பிடித்து வைத்திருந்த ஜப்பானியர்கள்தான் இங்கே குளியலிடம் அமைத்தார்கள்.

இங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் முற்பகலில் வேனில் வந்து இறங்கி, நேராக வெந்நீர்த் தொட்டிக்குப் போய் ஊறி, தளர்ந்த காலோடு மரவுச்சிப் பாலம் ஏறி, மழை பிடிக்கும் நேரத்தில் அருவிக்கு நடந்து, நனைந்து திரும்புகிறார்கள். வரிசை தலைகீழாகிவிடுகிறது. வெந்நீரில் ஊறியவுடன் இரத்த அழுத்தம் இறங்கும், தசை தளரும். அந்த உடம்போடு ஏற்றம் ஏறுவதும் ஆடும் பாலத்தில் நடப்பதும் சரிவராது. காலையில் காடு, மாலையில் வெந்நீர், இடையில் ஓய்வு என்று வைத்துக்கொண்டால் போரிங்கில் நேரும் பாதித் தொல்லைகள் நேராமலே போகும். அதற்கு அங்கே தங்க வேண்டும். இந்த அத்தியாயம் இரண்டு இரவு தங்குபவர்களுக்கானது.

எப்போது போகலாம்

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மழை ஓரளவு குறைவு. அக்டோபர் முதல் ஜனவரி வரை நல்ல மழை. மழை இல்லாத மாதம் என்று ஒன்றைத் தேட வேண்டாம்; இது மழைக்காடு. நல்ல நாளிலும் காலை தெளிவாக இருந்து பிற்பகலில் கொட்டுவது வழக்கம்.

மாதத்தைவிடக் கிழமை முக்கியம். சனி, ஞாயிறுகளில் சபா முழுவதிலிருந்தும் குடும்பங்கள் சோற்றுப் பானையோடும் பாயோடும் வந்துவிடும். மலேசியப் பள்ளி விடுமுறைகளிலும், மே 30, 31 தேதிகளில் வரும் அறுவடைத் திருநாளான காமாத்தான் விடுமுறையிலும் தொட்டி கிடைப்பதே கடினம். திங்கள் பிற்பகல் போய்ச் சேர்ந்து புதன் காலை கிளம்புவதுபோல வைத்துக்கொள்ளுங்கள்.

புறப்படும் முன்

1. தங்குமிடத்தை முதலில் உறுதி செய்யுங்கள். பூங்காவுக்குள் குடில்கள், படுக்கைக்குக் கட்டணம் தரும் விடுதி, கூடாரம் அடிக்கும் இடம் எல்லாம் உண்டு; எண்ணிக்கை குறைவு. வெளியே சாலையோரத்திலும் சிறு விடுதிகள் இருக்கின்றன. வாடகை குறைவு என்று வெளியே எடுத்தால் மாலைக் குளியல் முடிந்து இருட்டில் சாலையில் நடந்து திரும்ப வேண்டியிருக்கும். சிறு பிள்ளைகளோ முதியவர்களோ உடன் இருந்தால் உள்ளேயே எடுங்கள்.

2. முன்பதிவு செய்யும்போதே நான்கு கேள்விகள் கேளுங்கள்: மரவுச்சிப் பாலம் திறந்திருக்கிறதா, லங்கானான் அருவிப் பாதை திறந்திருக்கிறதா, தங்குபவர்கள் எந்த நேரம் வரை தொட்டியைப் பயன்படுத்தலாம், இரவு உணவு எத்தனை மணியோடு முடிகிறது. பாலமும் பாதையும் பராமரிப்புக்காகவும் மண்சரிவு காரணமாகவும் அவ்வப்போது மூடப்படும். நேரில் போய்த் தெரிந்துகொண்டால் ஏமாற்றம்தான்.

3. வெளிநாட்டுப் பயணிகள் மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையை, நாட்டுக்குள் நுழைவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் போலி. விசா விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் உங்கள் பயணத் தேதிக்கு எது பொருந்தும் என்பதை டிக்கெட் எடுக்கும் முன் பாருங்கள்.

4. கோலாலம்பூரில் முத்திரை குத்தியாயிற்று, இனி வேலை இல்லை என்று கடவுச்சீட்டை லக்கேஜில் போட்டுவிடாதீர்கள். சபாவுக்குத் தனிக் குடிநுழைவுக் கட்டுப்பாடு உண்டு. கோத்தா கினாபாலுவில் இறங்கியதும் மறுபடி கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். தீபகற்ப மலேசியாவிலிருந்து போகும் தமிழர்களும் அடையாள அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

5. சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் கருவுற்றவர்களும் வெந்நீர்க் குளியல் பற்றித் தங்கள் மருத்துவரிடம் ஊரிலேயே கேட்டுவிடுங்கள். மலேரியாத் தடுப்பு மாத்திரை வேண்டுமா என்பதையும் அப்போதே கேளுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

பையில் என்ன

பழைய காட்டன் சேலையும் ஜீன்ஸும் இங்கே உதவாது. நனைந்தால் இரண்டு நாளானாலும் காயாது. சீக்கிரம் உலரும் முழுக்கைச் சட்டை, முழுக்கால் உடை இரண்டு செட், பிடிப்புள்ள அடிப்பகுதி கொண்ட காலணி, முழங்கால் வரை வரும் அட்டைத் தடுப்புக் காலுறை, மழை அங்கி, தலையில் மாட்டும் டார்ச், கொசு விரட்டிக் களிம்பு, வெள்ளைத் துணி ஒன்று, கட்டுப் போடும் பஞ்சும் பட்டியும், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம். அட்டைத் தடுப்புக் காலுறை சாதாரணக் காலுறை போல வலைப்பின்னலாக இருக்காது. நெருக்கமாக நெய்த துணிப் பை போல இருக்கும். அட்டையால் அதைத் துளைக்க முடியாது.

குளிக்க நீச்சலுடை அல்லது லெக்கிங்ஸும் டீ-சர்ட்டும் போதும். அருகில் குளிப்பவர்களில் பலர் கிராமத்துக் குடும்பங்கள், முஸ்லிம் குடும்பங்கள்; உடம்பை மூடிய உடை அங்கே இயல்பாகப் பொருந்தும்.

மலேசியச் சுவர் பிளக்குக்கு மூன்று தட்டை முனை வேண்டும். இந்தியாவின் உருண்டை முனைச் சார்ஜர் அதில் நுழையாது. மாற்றி ஒன்றைச் சென்னையிலோ கோலாலம்பூரிலோ வாங்கிவிடுங்கள்.

குறிப்பு: வெள்ளிக் கொலுசு, மெட்டி, அரைஞாண் எல்லாவற்றையும் ஊரிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். கந்தக நீர் பட்டால் வெள்ளி கறுத்துவிடும். மெட்டியைக் கழற்ற மனமில்லாதவர்கள் காலைத் தொட்டிக்கு வெளியே வைத்துக் குளிப்பதைவிட, விரலோடு சேர்த்துப் பிளாஸ்டிக் ஒட்டுப்பட்டி சுற்றிக்கொள்ளலாம். கறுப்பு முழுக்கத் தடைபடாது, குறையும்.

போகும் வழி

கோத்தா கினாபாலுவிலிருந்து ரானாவ் சுமார் 110 கிலோமீட்டர். மலைச்சாலை என்பதால் இரண்டு, இரண்டரை மணி நேரம் பிடிக்கும். வழியில் 1,500 மீட்டருக்கு மேலே பூங்காவின் தலைமையிடம், அதை ஒட்டி காய்கறித் தோட்டங்கள் நிறைந்த குண்டசாங். அங்கே குளிரும், போரிங் அதைவிட ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் கீழே, புழுக்கமாக இருக்கும்.

1. காலை எட்டு மணிக்குள் கோத்தா கினாபாலுவை விட்டுக் கிளம்புங்கள். பிற்பகலில் குண்டசாங் மேட்டில் மூடுபனி இறங்கும். மழை நாட்களில் மண்ணும் சரியும்.

2. பேருந்திலோ பங்கு வேனிலோ போனால் ரானாவ் வரைதான். அங்கிருந்து போரிங்குக்கு வண்டி பேச வேண்டும். திரும்பும் நாளுக்கும் அதே ஓட்டுநரிடம் நேரம் சொல்லி, எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். நகரத்தில் கைபேசிச் செயலியில் வண்டி கிடைப்பதுபோல இங்கே கிடைக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம்.

3. வாடகைக் கார் எடுத்தால் பன்னாட்டு ஓட்டுநர் உரிமம் வேண்டும். நம் நாட்டைப் போலவே இடப்பக்கம் ஓட்டும் வழக்கம்தான். ரானாவில் பெட்ரோலை நிரப்பிக்கொள்ளுங்கள்.

4. ரானாவில் நின்று மூன்று வேலைகளை முடியுங்கள்: ஏ.டி.எம்.மில் பணம், மருந்துக் கடை, பழமும் பிஸ்கட்டும் தண்ணீரும். போரிங்கில் நடுராத்திரி காய்ச்சல் மாத்திரை தேடினால் கிடைக்காது. மாவட்ட மருத்துவமனையும் ரானாவில்தான் இருக்கிறது. அவசர எண் 999.

5. பூங்காத் தலைமையிடத்தில் நுழைவுச்சீட்டு வாங்கியிருந்தால் எறிந்துவிடாமல் வைத்திருங்கள். போரிங் வாயிலில் காட்டலாம்.

வந்து சேர்ந்த மாலை

பெட்டியை வைத்ததும் தொட்டிக்கு ஓடாதீர்கள். முதலில் குடிலைச் சுற்றி ஒரு நடை போட்டு, மரக்கிளை எதுவும் கூரைமேல் தொங்குகிறதா, வாசல் விளக்கு எரிகிறதா, ஜன்னல் வலை கிழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். வலை கிழிந்திருந்தால் உடனே வரவேற்பறையில் சொல்லி அறையை மாற்றிக் கேளுங்கள். இதில் தயக்கம் வேண்டாம்.

பிறகு, நாளைக் காலைக்கான வேலை. பாலம் திறக்கும் நேரம், லங்கானான் பாதைக்குப் பெயர் பதியும் இடம், இன்று காட்டுக்குள் மழை பெய்ததா என்பதையெல்லாம் பூங்கா ஊழியர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆற்றைப் பற்றி அவர்கள் சொல்லும் ஒரு வார்த்தை, கைபேசியில் பார்க்கும் வானிலை அறிவிப்பைவிட நம்பகமானது.

இருட்டத் தொடங்கும்போது முழுக்கை, முழுக்கால் உடைக்கு மாறுங்கள். கொசு விரட்டியைக் கணுக்கால், கழுத்துப் பின்புறம், காது மடல் வரை தடவுங்கள். சபாவில் குரங்குகளிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் ஒரு வகை மலேரியா உண்டு. மருத்துவர்கள் பிளாஸ்மோடியம் நோலெசி என்பார்கள். அதைப் பரப்பும் கொசு கடிப்பது அந்தியிலும் இரவிலும். ஈரத் துணியோடு தொட்டி ஓரத்தில் கதை பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரம்தான் அதற்கு வசதி.

காலணியைக் குடிலுக்கு உள்ளே வையுங்கள். காலையில் போடும் முன் தலைகீழாகத் தட்டுங்கள். பூரானும் தேளும் ஈரமும் இருட்டும் தேடி வரும். உணவுப் பொட்டலத்தை வாசலில் வைத்தால் விடிவதற்குள் குரங்குகள் பிரித்துவிடும்.

மறுநாள் காலை: காடு

காட்டில் மூன்று இடங்கள் இருக்கின்றன. மூன்றையும் ஒரே காலையில் முடிக்கப் பார்ப்பதுதான் வழக்கமான தவறு. பாலமும் கிபுங்கிட் அருவியும் ஒரு காலைக்குப் போதும். லங்கானான் போவதாக இருந்தால் அது மட்டும்.

*மரவுச்சிப் பாலம்.* தரையிலிருந்து சுமார் 40 மீட்டர் உயரத்தில், பெரிய மரங்களுக்கு இடையே கயிறும் வலையும் பலகையுமாகத் தொங்குகிறது. அடிமரத்திலிருந்து பார்த்தால் உச்சி தெரியாத மரங்களின் கிளைப் பிரிவு, பாலத்தில் நிற்கும்போது கண்மட்டத்துக்கு வந்துவிடும். கிளைமேல் கூடைபோல உட்கார்ந்திருக்கும் பறவைக்கூட்டுப் பெரணியின் நடுவில் சருகு மக்கி மண்ணாகிக் கிடப்பதை அங்கேதான் பார்க்க முடியும்.

1. திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். பிறகு பின்னால் வரிசை சேர்ந்தால் நின்று பார்க்க முடியாது.
2. ஒரு பகுதியில் எத்தனை பேர் ஏறலாம் என்று ஊழியர் சொல்வதை மீறாதீர்கள். முன்னவர் அடுத்த மேடையை அடைந்த பிறகு நீங்கள் கால் வையுங்கள்.
3. இரு கைகளும் கயிற்றில் இருக்க வேண்டும். படம் எடுப்பதை மேடைகளில் வைத்துக்கொள்ளுங்கள்.
4. காற்று வீசினாலோ இடி கேட்டாலோ ஏற வேண்டாம். டிக்கெட் வாங்கிவிட்டோமே என்று பார்க்காதீர்கள்.
5. உயரம் ஒத்துக்கொள்ளாதவர் ஒருவர் உடன் இருந்தால் அவரை நடுவில் விடுங்கள். குனிந்து தரையைப் பார்க்காமல் எதிர் மேடையைப் பார்த்து நடக்கச் சொல்லுங்கள்.

*கிபுங்கிட் அருவி.* கால் மணி நடையில் வரும் சிறிய அருவி. பிள்ளைகளோடு போகலாம்.

*லங்கானான் அருவி.* சுமார் 120 மீட்டர் உயரம். போக மட்டும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஏற்றம். வழியில் பெரும் பாறைகளுக்கு இடையே வௌவால்கள் அடையும் குகை வரும். எச்சத்தின் நெடி அடிக்கும். உள்ளே தலையை விட்டுப் பார்க்காமல் கடந்து போங்கள். ஒருவருக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீராவது வேண்டும். எட்டு மணிக்குக் கிளம்பி, மதியம் ஒரு மணிக்குள் குடிலுக்குத் திரும்பும்படி கணக்கிடுங்கள். பத்து மணிக்கு மேல் கிளம்பாதீர்கள். தனியாகப் போகவே வேண்டாம். முந்தின இரவு கொட்டியிருந்தால் இந்த நடையை விட்டுவிடுங்கள்.

அட்டைகள்

வால்பாறை, மேகமலைப் பக்கம் நடந்தவர்களுக்கு அட்டை புதிதல்ல. இங்கே இரண்டு வகை. பழுப்பு அட்டை தரையில் சருகுக்குள் இருந்து காலணி வழியாக ஏறும், கடித்தால் தெரியாது. வரிப்புலி அட்டை என்று சொல்லும் இன்னொன்று இடுப்புயர இலை நுனியில் காத்திருக்கும். உடம்பின் பின்பாதியால் இலையைப் பற்றிக்கொண்டு, முன்பாதியைக் காற்றில் நீட்டி, நாம் விடும் மூச்சு வரும் திசைக்குத் திரும்பித் திரும்பித் துழாவும். இது கடித்தால் சுருக்கென்று தெரியும். அதனால் சட்டையைக் கால்சட்டைக்குள் சொருகி நடக்க வேண்டும். இலைகளை உரசாமல் பாதையின் நடுவில் நடங்கள். நின்று நின்று பேசுவதைக் குறையுங்கள்.

கடித்துவிட்டால்:

1. பதறி இழுக்காதீர்கள். உப்பு, நெருப்பு, எண்ணெய், புகையிலை எதுவும் வேண்டாம். சீண்டினால் அட்டை வயிற்றில் உள்ளதைக் காயத்துக்குள்ளேயே கக்கும்.
2. மெலிந்த முனைதான் வாய். விரல் நகத்தைத் தோலோடு ஒட்டி வைத்து அந்த முனையைப் பக்கவாட்டில் தள்ளுங்கள். பிடி விட்டதும் தடித்த முனையையும் அப்படியே நகர்த்திச் சுண்டி விடுங்கள்.
3. அட்டையின் எச்சிலில் இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் இருக்கிறது. எனவே இரத்தம் நெடுநேரம் கசியும்; பயப்பட ஒன்றுமில்லை. சோப்புப் போட்டுக் கழுவி, பஞ்சு வைத்து அழுத்திக் கட்டுங்கள்.
4. கசிவு நிற்கும் வரை வெந்நீரில் இறங்காதீர்கள். சூட்டில் இரத்தக் குழாய் விரிந்து மறுபடி கசியத் தொடங்கும். கடிவாயைச் சுற்றி அரிப்பும் கூடும். காட்டுக்கும் தொட்டிக்கும் நடுவே இடைவெளி விடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

குடிலுக்குத் திரும்பியதும் அந்த வெள்ளைத் துணியைத் தரையில் விரித்து, அதன்மேல் நின்று உடையை உதறுங்கள். ஒட்டிக்கொண்டு வந்தவை பளிச்சென்று தெரியும்.

ஆற்றங்கரையில்

மழைக்காட்டில் அட்டையைக் கண்டு பயப்படுகிறவர்கள் ஆற்றைக் கண்டு பயப்படுவதில்லை. பயப்பட வேண்டியது ஆற்றுக்குத்தான். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும்போதே மலைமேல் மழை கொட்டியிருக்கலாம். தெளிந்த நீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் கூட்டமாக மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ, செருப்பைக்கூடத் தேடாமல் மேட்டுக்கு ஏறுங்கள்.

2015 ஜூன் 5 அன்று ரானாவ் பகுதியில் 6.0 அளவில் நிலநடுக்கம் வந்து, கினாபாலு மலையில் 18 பேர் உயிரிழந்தார்கள். அதில் தளர்ந்த மண்ணும் பாறையும் பின்னர் பெய்த மழையில் சேற்று வெள்ளமாக ஆறுகளில் இறங்கின. சரிவில் இருக்கும்போது நிலம் அதிர்ந்தால் பாறைச் சுவரையும் பட்ட மரத்தையும் ஆற்றுப் படுகையையும் விட்டு விலகித் திறந்த இடத்துக்குப் போங்கள். அருவிக்கு நேர் கீழே நின்று குளிப்பதையும் தவிருங்கள். தண்ணீரோடு கல்லும் விழும்.

வெந்நீர்த் தொட்டி

காட்டிலிருந்து வந்து, சோப்புப் போட்டுக் குளித்து, சாப்பிட்டு, இரண்டு மணி நேரமாவது படுத்து எழுந்த பிறகு தொட்டிக்கு வாருங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் பகல் கூட்டம் கிளம்பத் தொடங்கும். அதற்கு முன் வந்தால் காத்திருக்க வேண்டும்.

ஊற்றிலிருந்து வரும் நீர் 50 பாகை செல்சியஸைத் தாண்டும். சில இடத்தில் 60ஐ நெருங்கும். 60 பாகை நீர் சில விநாடிகளில் தோலைப் புண்ணாக்கிவிடும். ஊற்றுக் கண்ணில் கால் நனைக்கும் விளையாட்டு வேண்டாம். அதற்கு என்று கட்டிய ஓடு பதித்த தொட்டிகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இரண்டு குழாய்கள், ஒன்றில் கொதிநீர், மற்றதில் குளிர்நீர். நீங்களே நிரப்பிக்கொள்ள வேண்டும். நிரம்ப நேரமாகும், பக்கத்துத் தொட்டிகளில் எல்லாரும் குழாயைத் திறந்திருந்தால் இன்னும் நேரமாகும். கட்டணத்துக்கு மூடிய தனிக் குளியலறைகளும் உண்டு.

1. காலியான தொட்டியின் அடைப்பானைப் பாருங்கள். சரியாக மூடாவிட்டால் வேறு தொட்டிக்குப் போங்கள். நிரப்பிக்கொண்டே இருப்பீர்கள், நிரம்பாது.
2. முந்தியவர் விட்டுப்போன நீரை வடித்து, தொட்டியை ஒரு முறை அலசுங்கள்.
3. குளிர்நீரை முதலில் ஒரு சாண் பிடியுங்கள். பிறகு கொதிநீரைத் திறங்கள். பிள்ளைகள் உடன் இருந்தால் இந்த வரிசை கட்டாயம். கொதிநீரை மட்டும் பிடித்து வைத்துவிட்டுத் துண்டு எடுக்கத் திரும்பும் நொடியில்தான் பிள்ளை உள்ளே இறங்கும்.
4. கையால் நன்றாகக் கலக்குங்கள். மேலே சூடும் அடியில் குளிர்ச்சியுமாக இருக்கும்.
5. முழங்கையை நனைத்துப் பாருங்கள். விரல் நுனி ஏமாற்றும். குழந்தையைக் குளிப்பாட்டும் வெப்பமானி ஒன்று கொண்டு போவது இன்னும் நல்லது. பெரியவர்களுக்கு 38 முதல் 40 பாகை. அதைத் தாண்ட வேண்டாம்.
6. முதலில் பாதம், பிறகு முழங்கால், இடுப்பு, கடைசியில் தோள். ஒரே மூச்சில் கழுத்து வரை இறங்காதீர்கள்.
7. தலையை முக்காதீர்கள். மூக்கில் நீர் ஏறவிடாதீர்கள். சுத்திகரிக்காத வெதுவெதுப்பான நீரில், மூக்கு வழியாக மூளையைத் தாக்கும் அமீபா இருக்கக்கூடும். வருவது மிக அபூர்வம், வந்தால் பிழைப்பது அதைவிட அபூர்வம். தலையை வெளியே வைத்துக் குளித்தால் கவலை இல்லை.
8. பத்து, பதினைந்து நிமிடத்தில் எழுந்து வெளியே உட்காருங்கள். தண்ணீர் குடியுங்கள். வேண்டுமானால் மறுபடி பத்து நிமிடம். மூன்றாவது முறை வேண்டாம்.
9. எழும்போது விளிம்பைப் பிடித்து, முதலில் விளிம்பில் உட்கார்ந்து, தலைசுற்றல் இல்லை என்று தெரிந்த பிறகு நில்லுங்கள். ஓடுகள் வழுக்கும். இங்கே விழுந்து அடிபடுவது பெரும்பாலும் வெளியே வரும்போதுதான்.
10. சாதாரணத் தண்ணீரில் உடம்பை அலசிவிட்டு, உடனே உலர்ந்த முழுக்கை உடைக்கு மாறுங்கள். அந்தி ஆகிவிட்டால் கொசு விரட்டியை மறுபடி தடவ வேண்டும். முன்பு தடவியது நீரில் போயிருக்கும்.

தொட்டிக்குள் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் வேண்டாம். எண்ணெய் தேய்த்துக் குளிக்க இது உகந்த இடம் என்று நம்மவர்களுக்குத் தோன்றும். அந்த நீர் ஓடைக்குத்தான் போகிறது, பிறகு வருபவருக்குத் தரையும் வழுக்கும்.

அழுகிய முட்டை போல வாடை வரும், அது கந்தகம். திறந்தவெளியில் பிரச்சினை இல்லை. மூடிய குளியலறையில் காற்றுப் போக்கியைத் திறந்து வையுங்கள். தலைவலியோ கண் எரிச்சலோ வந்தால் வெளியே வந்துவிடுங்கள்.

யார் இறங்கக் கூடாது, யார் கவனமாக இருக்க வேண்டும்

சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. சூடு தெரியாமல் வெந்து, மறுநாள் கொப்புளம் கண்ட பிறகே அறிவார்கள். நம் வீடுகளில் பெரியவர்களுக்கு இந்தக் குறை மிகுதி. அவர்கள் தண்ணீரைத் தாங்களே சோதிக்கக் கூடாது. உடன் வந்தவர் முழங்கையால் சோதித்த பிறகுதான் காலை வைக்க வேண்டும், அதுவும் வெதுவெதுப்பான நீரில், ஐந்து நிமிடம். பாதத்தில் புண் இருந்தால் அதுவும் கூடாது. இன்சுலின் போட்டவுடன் வெந்நீரில் இறங்குவதும் ஆபத்து. சூட்டில் மருந்து வேகமாக இரத்தத்தில் சேர்ந்து சர்க்கரை தாழ்ந்துவிடும்.

இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தனியாக இறங்கக் கூடாது. கருவுற்றவர்கள் மருத்துவர் சம்மதம் இல்லாமல் இறங்க வேண்டாம். கால் மட்டும் நனைக்கலாம். ஐந்து வயதுக்குக் கீழான பிள்ளைகளுக்குச் சூடில்லாத நீர், சில நிமிடங்கள் மட்டும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, புதுக் காயம், நிறைந்த வயிறு இவற்றோடும் இறங்காதீர்கள். மது அருந்தியவரை எக்காரணம் கொண்டும் தொட்டியில் விடாதீர்கள்.

கினாபாலு சிகரம் ஏறி இறங்கிய கையோடு போரிங்குக்கு வருகிறவர்கள் பலர். தசைவலிக்கு இந்த நீர் உண்மையிலேயே இதம். ஆனால் முழங்காலோ கணுக்காலோ வீங்கியிருந்தால் அது தசைவலி அல்ல. முதல் இரண்டு நாள் குளிர் ஒத்தடம்தான். வெந்நீர் வீக்கத்தைக் கூட்டும். இறங்கிய நாளில் உடம்பில் நீரும் குறைந்திருக்கும். உப்புச் சர்க்கரைக் கரைசலைக் குடித்து, சாப்பிட்டு, தூங்கி, மறுநாள் காலை கூட்டம் வரும் முன் ஊறுங்கள்.

சாப்பாடு

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குச் சிரமம் இல்லை. சைவர்கள் கவனிக்க வேண்டியது பெலாச்சான் என்னும் இறால் விழுது. கீரை வதக்கல், சம்பல், ஏன் சில சமயம் வெறும் காய்கறிப் பிரட்டலில்கூட அது இருக்கும். நெத்திலிக் கருவாட்டையும் பலர் அசைவமாக எண்ணுவதில்லை. "சாயா தாக் மாக்கான் டாகிங், ஆயாம், ஈக்கான், பெலாச்சான்" என்று சொல்லுங்கள்: இறைச்சி, கோழி, மீன், இறால் விழுது நான் சாப்பிடுவதில்லை என்று பொருள். வெள்ளைச் சோறு, பூண்டு மட்டும் போட்டு வதக்கிய சாயூர் மானிஸ் கீரை, தாஹு என்னும் சோயாக் கட்டி எளிதில் கிடைக்கும். ஊறுகாயும் பருப்புப் பொடியும் ஒரு சிறு பொட்டலம் கையில் இருந்தால் இரண்டு நாள் தாராளமாக ஓடும். பருவத்தில் போனால் சாலையோரம் தாராப் பழம் விற்பார்கள். பலாவின் உறவு, உள்ளே வெள்ளைச் சுளை. வாங்காமல் வராதீர்கள்.

சாலையோர ராஃப்ளீசியா

திரும்பும் நாள் காலை இதற்கு. போரிங் சாலையில் ராஃப்ளீசியா பூத்திருக்கிறது என்று பலகை வைத்திருந்தால் அது பக்கத்து நிலத்துக்காரர்கள் வைத்தது. தனக்கென்று இலையோ தண்டோ இல்லாத இந்தச் செடி ஒரு காட்டுக் கொடிக்குள் ஒட்டுண்ணியாக வாழ்ந்து, மொட்டாகப் பல மாதம் முதிர்ந்து, விரிந்த பின் ஒரு வாரம்கூட நிற்பதில்லை. மூன்றாம் நாளுக்கு மேல் விளிம்பு கறுக்கத் தொடங்கும். அதனால் கட்டணம் தரும் முன் எத்தனையாம் நாள் பூ என்று கேளுங்கள், ஒளிக்காமல் சொல்வார்கள். உள்ளே கட்டிய நடைபலகையை விட்டு இறங்காதீர்கள். முட்டைக்கோசு போலத் தரையில் கிடக்கும் மொட்டுகளைச் சருகு மூடியிருக்கும். கால் பட்டால் போயிற்று. கட்டணத்தைப் பேரம் பேசிக் குறைக்காதீர்கள். அந்தப் பணம் வருவதால்தான் அந்த நிலத்தில் கொடி வெட்டப்படாமல் நிற்கிறது.

ஊர் திரும்பிய பிறகு

ஈரக் காலணியை வெயிலில் காயவைத்து, மண்ணைத் தட்டி எடுங்கள். அட்டைக் கடிவாய் ஒரு வாரம் அரிக்கும். சிவந்து பரவினாலோ சீழ் வைத்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுத்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், சளிக் காய்ச்சல் என்று வீட்டிலேயே பாராசிட்டமால் போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டாம். குரங்கு மலேரியாவின் கிருமி 24 மணி நேரத்துக்கு ஒரு முறை பெருகுவது, வேகமாக முற்றும். நம் ஊர் மருத்துவர்கள் அதை எதிர்பார்க்க மாட்டார்கள். அன்றே போய், "சபா மழைக்காட்டில் தங்கியிருந்தேன், ஆற்றில் இறங்கினேன், கொசு கடித்தது" என்று நீங்களே சொல்லுங்கள். மலேரியாவுக்கும் எலிக்காய்ச்சலுக்கும் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். முதல் பரிசோதனையில் மலேரியா இல்லை என்று வந்தும் காய்ச்சல் விடாவிட்டால், மறுநாள் மீண்டும் இரத்தம் கொடுங்கள்.